கே அடித்தால் டி

கே-யை அழுத்தினால் திரையில் டி விழுந்தது. குழுத் தலைவருக்கு அப்போதே பொறி தட்டியது. மடியில் கனமில்லாதவள் எதற்காகக் கீபோர்டை இப்படிக் கலைத்து வைக்க வேண்டும்?

அந்தப் பெண் சாப்பிடப் போயிருந்த நேரம் அது. விழுந்ததை அழித்துவிட்டு, அவள் எழுதியிருந்த நிரலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார், ஒன்றும் சிக்கவில்லை. வாசல் பக்கம் ஒரு கண் வைத்தபடியே, வழக்கம்போல் விசைகளைத் தட்டி முடித்துவிட்டு எழுந்தார்.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாக அவள் அதிகம் பேசியதில்லை. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது தலைவரின் கட்சி.

முன்பு ஒருமுறை கேட்டதற்கு, விரல் வலிக்காக எழுத்துகளின் இடத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லியிருந்தாள். தலைவர் நிரல் எழுதும் பழைய எடிட்டரில் மேலே கீழே, இடம் வலம் நகர்த்தும் விசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அவளுடைய அடுக்கில் அவை மூலைக்கொன்றாகச் சிதறிவிடுமாம். அதனால் மவுஸ் பிடித்து ஓட்டுகிற, தானே சேமித்துக்கொள்கிற புது எடிட்டருக்குத் தாவிவிட்டாளாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தலைவர் முணுமுணுத்தார். இருபது வருடமாக அந்தப் பழைய எடிட்டரை விடாமல் பிடித்திருப்பது, அலுவலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை வாடிக்கையாளரின் இணையதளம் படுத்துவிட்டது. முந்தின நாள் மாலை அவள் அனுப்பிய கோப்பின் கடைசி வரியில் சம்பந்தமே இல்லாமல் ஒரு எஸ், ஒரு காற்புள்ளி, ஒற்றை மேற்கோள். வேலையை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய மேலாளர் பேனாவை மூடிவிட்டு, நேரே அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"வேணும்னே செஞ்சிருக்கா மேடம். அனுப்பிடுங்க" என்றார் தலைவர்.

"நீ என்னம்மா சொல்றே?"

அவள் அந்த மூன்றையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கீபோர்டைத் தலைவர் பக்கம் நகர்த்தினாள்.

"சார், உங்க எடிட்டர்ல சேவ் பண்ணிட்டு வெளியே வர்றதுக்கு என்ன அடிப்பீங்க? இதுல ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க."

இது என்ன கூத்து என்று அலுத்துக்கொண்டார். ஆனாலும் அந்த எடிட்டர் என்றால் அவருக்குப் பெருமை. கீபோர்டைப் பார்க்காமலே மூன்று தட்டு தட்டினார்.

திரையில் ஒரு எஸ், ஒரு காற்புள்ளி, ஒற்றை மேற்கோள்.

மேலாளர் மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நேத்து நான் சாப்பிடப் போனப்பவும் இதையேதான் அடிச்சிருக்கீங்க, சார்."