பார்க்கில் பெண் பார்த்தார்கள்

"எந்திரிம்மா. பெரியவங்க நிக்கிறோம்ல."

"நில்லுங்க. உட்காரச் சொல்லி நானா கூப்பிட்டேன்?"

பச்சைப் புடவைக்காரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு அசையாமல் இருந்தாள். பையை ஒரு பக்கமும் குடையை இன்னொரு பக்கமும் வைத்து, நாலு பேர் உட்காரும் பெஞ்சை ஒரு ஆளாக அடைத்திருந்தாள். பெயர் வள்ளிக்கண்ணு. இவ்வளவு மரியாதை கெட்ட பெண்ணா என்று பார்க்கிறவர்கள் நினைக்க வேண்டும். அதற்காகத்தான் லால்குடியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

எதிரே நின்றது மணப்பாறைக்காரர்கள். முன்னால் மூத்த மருமகள் அழகம்மாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கையிலும் பைகளோடு மாமியார் வீரம்மாள். அவருக்கும் பின்னால் மாப்பிள்ளை சின்னையன், பாத்தியில் இருந்த கல்வாழைப் பூவைப் பார்த்தபடி நின்றான். இப்போதைக்கு அவன் மாப்பிள்ளை என்று வெளியே சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் இரண்டு வீட்டாரும் முதலில் திருச்சிப் பார்க்கில் தற்செயலாக வந்ததுபோல் பார்த்துக்கொள்வது என்று தரகர் ஏற்பாடு செய்திருந்தார். பச்சைப் புடவைதான் அடையாளம். யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பிடித்தால் பிறகு பேச்சு, இல்லாவிட்டால் அவரவர் ஊருக்கு அவரவர் பஸ்.

அந்த ஏற்பாட்டைத்தான் வள்ளிக்கண்ணு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாதவர்களிடம் சண்டை போட்டால் யார் வந்து என்ன கேட்க முடியும்? அவளுக்கு டீச்சர் ட்ரெயினிங்கில் சீட் கிடைத்திருந்தது. மணப்பாறைக்காரர்கள் வேண்டாமென்றால் சேர்த்துவிடுவதாக அப்பா பிச்சமுத்து சத்தியம் செய்திருந்தார். வேண்டுமென்றால் மாட்டுச் சந்தைக்குப் பக்கத்து வீட்டில் காலமெல்லாம் அடுப்படிதான்.

"இந்த பெஞ்சு என்ன உங்க அப்பன் போட்டதா?" என்றாள் அழகம்மாள்.

"இல்லீங்க. வெள்ளைக்கார ராணி போட்டது. சாயுற இடத்துல கிரீடம் இருக்கு பாருங்க. ராணி வந்து கேட்டா எந்திரிச்சுடறேன்."

பேண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்க் ரேடியோவில் செய்தி கேட்பதாக நடித்துக்கொண்டிருந்த பிச்சமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. ஓடிவந்து மகளை நாலு சாத்து சாத்தலாம். ஆனால் மகள் என்று சொன்னால் ஏற்பாடு கெட்டுவிடுமே. துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முகம்தான் சிவந்தது.

"ஏய், நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதே. யாருங்க நீங்க?"

அழகம்மாள் வாயைத் திறந்தாள். சொல்ல முடியாது. மூடிக்கொண்டாள். சுண்டல் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் பக்கத்தில் வந்து வசதியாக நின்றார்கள்.

"விடு அழகம்மா, வேற பெஞ்சு பார்ப்போம்" என்று வீரம்மாள் மெல்லச் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்க அத்தை. பையைக் கீழ வைக்காதீங்க, மண்ணா இருக்கு."

வீரம்மாள் இறக்கப்போன பையை மறுபடி தூக்கிக்கொண்டார். அழகம்மாள் திரும்பி வள்ளிக்கண்ணுவிடம் வந்தாள்.

"இந்த வாயை வச்சுக்கிட்டு நீ எந்த வீட்டுல போய்க் குப்பை கொட்டப் போறே? உன்னைக் கட்டிக்கப் போறவன் என்ன பாவம் செஞ்சானோ."

"உங்களையே ஒருத்தர் கட்டிக்கிட்டு உயிரோட இருக்காருல்ல. என்னையும் ஒருத்தர் கட்டிக்குவாரு."

சுண்டல் தின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வீரம்மாள் பைகளை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. வள்ளிக்கண்ணுவுக்கு அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. பாவம், பெரிய மனுஷியை நாலு பேர் முன்னால் அழவைத்துவிட்டோமே என்று நெஞ்சு உறுத்தியது. இருந்தாலும் ட்ரெயினிங் ட்ரெயினிங்தான்.

"இதெல்லாம் ஒரு பொண்ணா? தூ" என்று அழகம்மாள் துப்பினாள். "நீங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு வாங்க. இனிமே அந்தத் தரகன் வீட்டுப் பக்கம் வரட்டும், பேசிக்கிறேன்." விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். சின்னையனும் பின்னாலேயே போனான். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

வள்ளிக்கண்ணு மூச்சு விட்டாள். பிறந்ததிலிருந்து யாரையும் இப்படிப் பேசியதில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், ஜெயித்துவிட்டோம் என்று.

வீரம்மாள் மட்டும் போகவில்லை. பைகளைத் தரையில் வைத்துவிட்டு பெஞ்சுக்கு வந்தார். வள்ளிக்கண்ணு தன்னை அறியாமல் எழுந்து, பையையும் குடையையும் எடுத்து இடம் விட்டாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

வீரம்மாள் மடியிலிருந்து வாழைச் சருகுப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே கதம்பம். வள்ளிக்கண்ணு விலகுவதற்குள் அவள் தலையைத் தன் பக்கம் இழுத்துப் பின்னலில் செருகிவிட்டார். பையன் வீட்டுக்காரர்கள் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை. மேடைப் பக்கமிருந்து பிச்சமுத்து கும்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார்.

"அம்மா, நான் இவ்வளவு பேசினேனே" என்றாள் வள்ளிக்கண்ணு. அழுகை வந்துவிட்டது.

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, வீரம்மாள் அவள் காதோடு சொன்னார்:

"என் மூத்த மருமகளுக்குப் பதில் பேச ஒருத்தி கிடைக்க மாட்டாளான்னுதான் ஊர் ஊராப் பொண்ணு பார்த்துக்கிட்டு இருந்தேன், கண்ணு."