பிரித்த தையல்

"உன் கல்யாணத்துக்கு இந்தத் தெருவிலிருந்து ஒருத்தனும் வரமாட்டான்" என்றார் பெங் தொக்சூ.

வாசலில் நின்றிருந்தான் ஓக் தல்யோங். மாரத்தான் ஓட்டக்காரன். போன வருடம், கொரியாவைப் பிடித்து ஆளும் ஜப்பான்காரனின் கொடிச் சூரியனை நெஞ்சில் தைத்துக்கொண்டு, அவனுக்காக ஓடி ஜெயித்த கொரியாக்காரன்.

"ஓடுறதுக்கு வேற சட்டை யாரு குடுத்தா அண்ணே?" என்றான்.

"ஓடாம இருந்திருக்கலாம்."

பியோங்யாங்கின் அந்தத் தெரு, பெங் சொன்னால் கேட்கும். ஜப்பானுக்கு எதிராகத் துண்டறிக்கை அச்சடித்ததற்காகக் குளிர்காலம் முழுக்கச் சிறையில் கிடந்துவிட்டுப் போன வாரம்தான் வந்திருந்தார்.

"ஜப்பான் அணிக்குன்னு ஒரு கம்பளிக் கோட்டு குடுத்தாங்களே, எங்கே அது?"

"குடுத்துட்டேன்."

"குடுத்தியா, வித்துக் குடிச்சியா? அதைத் திருப்பித் தரலைன்னுதானே இந்த வருஷம் உன்னை அணியில சேர்க்கலை? நாட்டையே வித்தவனுக்குக் கோட்டு எம்மாத்திரம்."

தல்யோங் சிரித்தான். "நாளைக்கு நேரத்தோட வாங்க அண்ணே. கல்யாண நூடுல்ஸ் ஆறிடும்."

அவன் போனபின் பெங் மனைவியின் அருகில் வந்து உட்கார்ந்தார். சிறைக்கு அவருக்காகத் தைத்து அனுப்பிய பஞ்சுச் சட்டையை அவள் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். குளிர் முடிந்தால், உள்ளே திணித்த பஞ்சை எடுத்துவிட்டுத்தான் துவைக்க வேண்டும்.

"என் உடம்புல ஜப்பான்காரன் நூல் ஒண்ணுகூட பட்டதில்லை, தெரியுமா? பக்கத்து அறையில ரெண்டு பேர் விறைச்சே செத்தாங்க. என்னைக் காப்பாத்தினது நம்ம ஊர்ப் பஞ்சு."

"பஞ்சு வாங்க வீட்டுல என்ன இருந்துச்சு?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

கடைசித் தையலும் விட்டது. உள்ளே பஞ்சு இல்லை. கருநீலக் கம்பளிக் கோட்டுத் துணி. இடப்பக்கம், நெஞ்சுக்கு நேராக, சிவப்புச் சூரியன்.

பெங் அந்தச் சூரியனின் மேல் விரலை வைத்தார்.

"இதையாவது வெட்டி எறிஞ்சிருக்கலாமே."

"கத்தரியை எடுத்தேன். தல்யோங்தான் தடுத்துட்டான். 'ஓட்டை விழும் அண்ணி, அண்ணனுக்கு நெஞ்சுல குளிர் ஏறும்'னான். உங்ககிட்ட சொல்லவும் கூடாதுன்னான், கழட்டி எறிஞ்சிடுவீங்களாம்."

மறுநாள் கல்யாண வீட்டில் நூடுல்ஸ் ஆறவில்லை. தெருவே வந்திருந்தது, பெங்குக்குப் பின்னால்.