ஏழாவது வளைவு

“பனி இறங்கிட்டா நம்ம கையே நமக்குத் தெரியாது. அதுல பதினோரு கொண்டை ஊசி வளைவு! முப்பது வருஷத்துல இவரு பால் லாரியை ஒரு கல்லுல உரசினதில்லம்மா!”

தபால்காரர் சொல்லி முடித்தபோது அவருக்கே புல்லரித்தது. பள்ளத்தாக்கின் பழைய கதைகளைப் புத்தகமாக்கப் புறப்பட்டிருந்த நூலகப் பெண், ஊர்க்கூட்டத்தின் முன்வரிசைக்கு ஒலிப்பதிவுக் கருவியை நகர்த்தினாள். அங்கே ஓய்வுபெற்ற லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஊர் வைத்த பெயர் பூனைக்கண்ணர்.

“முதல் பக்கமே உங்களுக்குத்தான் ஐயா. அந்தப் பனியில பாதை எப்படித் தெரிஞ்சுது?”

டிரைவர் நெளிந்தார். பக்கத்தில் இருந்த அவருடைய பழைய கிளீனர், “சொல்லுங்கண்ணே” என்று முழங்கையால் இடித்தார். சொன்னால் முப்பது வருஷத்துப் பேர் போய்விடும். சொல்லாவிட்டால் பொய் அச்சேறிவிடும்.

“எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சதில்லம்மா.”

“தன்னடக்கம்!” என்றார் தபால்காரர்.

“அட, நிஜமாத்தான். வளைவுக்கு ஒரு வீடு. பால் ரெடின்னு சொல்ல, இதோ பின்னாடி உட்கார்ந்திருக்கிற இவங்க கேன் மூடியைத் தட்டுவாங்க. அந்தச் சத்தத்தை வெச்சுத்தான் ஸ்டியரிங்கை ஒடிச்சேன். பூனைக்கண்ணும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்.”

தபால்காரர் வாயைப் பிளந்தார். வளைவு வீட்டுக்காரர்கள் யாருக்கும் முகம் மாறவில்லை.

“அதுலயும் ஏழாவது வளைவு! ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம். இந்த அக்கா தட்டலேன்னா நான் என்னிக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன். அக்கா வீட்டு மாடும் லேசுப்பட்டதில்ல. கேனை ஏத்தும்போது, ‘அம்மாடியோவ், என்ன கனம்’னு இவன் தினமும் முக்குவான்.”

கிளீனர் சட்டென்று மோட்டுவளையை ஆராய ஆரம்பித்தார்.

ஏழாவது வளைவு அக்கா எழுந்தார். “நீங்க ஏமாத்தவும் இல்ல, நாங்க ஏமாறவும் இல்ல தம்பி. ஒருநாள் நான் தட்டாம விட்டேன். பனி விலகற வரைக்கும், ரெண்டு மணி நேரம் வண்டி அங்கேயே நின்னுச்சு. என்ஜின் மக்கர்னு சொன்னீங்க. கீழே நாலு வீட்டுப் பாலும் திரிஞ்சு போச்சு. அன்னிக்கே எங்க பதினோரு வீட்டுக்கும் புரிஞ்சிடுச்சு. சொன்னா பயந்து வண்டியை விட்டுடுவீங்க. வேற எந்த லாரி இங்க இறங்கும்? அதான் யாரும் மூச்சு விடல.”

டிரைவர் பின்வரிசைகளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை பேர் சேர்ந்து ஓட்டிய லாரியில்தான் அவர் இத்தனை வருஷமும் உட்கார்ந்து வந்திருக்கிறார்.

“அன்னிக்கு மட்டும் ஏன்க்கா தட்டல?”

“முந்தின நாள் மாட்டை வித்துட்டேன். பாலே இல்லாம எதுக்குத் தட்டணும்னு இருந்துட்டேன்.”

“அது நான் ஓய்வு பெறுறதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடி! அப்புறம் வேற மாடு வாங்கினீங்களா?”

“இல்லையே.”

டிரைவர் மெல்லக் கிளீனர் பக்கம் திரும்பினார். “டேய், அப்போ ஒன்பது வருஷமா முக்கி முக்கி ஏத்தினது?”

“காலிக் கேன்தாண்ணே. உங்களுக்குச் சந்தேகம் வந்துடக் கூடாதில்ல?”