கொழுப்பெடுத்த மனுஷர்

“இது லிப்பிட்டோட வேலையே இல்லை, பேராசிரியரே. உங்க சோதனைக் குழாய்ல இருந்த அழுக்கோட வேலை!”

முன்வரிசையிலிருந்து எழுந்து நின்று முதிய விஞ்ஞானி தொக்தார் சொன்னதும், அல்மாத்தி நகரின் அந்த அரங்கமே கப்சிப் ஆனது.

மேடையில் நின்றிருந்த பேராசிரியர் உல்ஜான் அறுபதைத் தாண்டிய பெண்மணி. பாலைவனத்தில் நாள்கணக்கில் தாகத்தோடு நடந்த ஒட்டகம், தண்ணீரைக் கண்டதும் மடமடவென்று குடித்துத் தீர்க்கிறது. வேறு மிருகமாக இருந்தால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஊதி வெடித்துவிடும். ஒட்டகத்துக்கு வெடிப்பதில்லை. ஏன்? சிவப்பணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வில், லிப்பிட் எனப்படும் கொழுப்பு அடுக்கப்பட்டிருக்கும் விதமும் ஒரு காரணம் என்பது உல்ஜானின் கட்சி. அதை நிரூபிக்கத்தான் தன் வாழ்நாளையே செலவிட்டிருந்தார். இன்று அறிஞர் குழு அதை ஏற்காவிட்டால் அவருடைய ஆய்வுக்கூடத்தை மூடிவிடுவார்கள்.

“அழுக்கா? குழாயை நானே கழுவினேன், ஐயா. உங்க வாயைவிட அது சுத்தம்” என்றார் உல்ஜான்.

அரங்கம் சிரித்தது. தொக்தார் சிரிக்கவில்லை.

“சிரிச்சா ஆச்சா? ஒட்டகச் சவ்வுல புரதம்தான் கெட்டி. கொழுப்புக்கு இதுல என்ன பங்கு?”

“ஒட்டகத்தோட கொழுப்பை எடுத்து ஆட்டுச் சிவப்பணுவோட சவ்வுல ஏத்தினேன். தண்ணியில போட்டேன். பாதிக்கு மேல வெடிக்கலை.”

“அந்த ஆடே கொஞ்சம் திடமான ஆடா இருந்திருந்தா?”

“அதே ஆட்டு ரத்தத்துல, ஆட்டுக் கொழுப்பையே எடுத்து ஏத்தியும் பார்த்தேன். அத்தனையும் வெடிச்சிருச்சு.”

தொக்தார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். திரையில் தெரிந்த படத்தையே வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப சரி” என்று சொல்லி உட்கார்ந்தார்.

அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அங்கே யாரும் கேட்டதில்லை. கைதட்டல் எழுந்தது. ஆய்வுக்கூடம் தொடரும் என்று குழுத் தலைவர் அறிவித்தார்.

தேநீர் மேசையருகே ரவ்ஷன் கொதித்துக்கொண்டிருந்தாள். ஷிம்கெந்த் ஊரிலிருந்து வந்து போன மாதம்தான் உல்ஜானின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவள். உல்ஜானின் கட்டுரைகளைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தாள். நாடு உடைந்து, சம்பளமும் மின்சாரமும் நின்றுபோன காலத்தில் எல்லோரும் சந்தையில் கடை போட்டபோது, பனியில் பயணம் போய் ஒட்டக ரத்தம் எடுத்து வந்தவர் உல்ஜான் என்பது அவளுக்கு மனப்பாடம்.

“ஆபாய், அந்த ஆளுக்கு எவ்வளவு கொழுப்பு பார்த்தீங்களா!”

எல்லோரும் அக்காவென்ற மரியாதையோடு உல்ஜானை ‘ஆபாய்’ என்றுதான் அழைப்பார்கள். உல்ஜான் பால் தேநீரை உறிஞ்சினார்.

“தெரியாம என்ன? கொழுப்பைப் பத்திப் படிக்கிறதுதானே என் பொழைப்பு.”

“விளையாடாதீங்க. உங்க ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்த மனுஷர் மறுப்பு எழுதியிருக்கார். எல்லாத்தையும் தேடிப் படிச்சேன். பொறாமை, வேற ஒண்ணும் இல்லை.”

“ஒரு தடவை நான் பெரிசாக் கண்டுபிடிச்சுட்டேன்னு குதிச்சேன். மாஸ்கோவுல அச்சுக்கே போயிருச்சு. இவர்தான், ‘கொழுப்பைக் கரைச்சு எடுக்கற உன் குளோரோஃபார்ம் கெட்டுப்போனது, அத்தனையும் தப்பு’ன்னார். கோபத்துல அழுதுட்டேன். திரும்பச் செஞ்சு பார்த்தா அவர் சொன்னதுதான் சரி. கட்டுரையைத் திரும்ப வாங்கினேன். இல்லைன்னா என் பேரு அன்னைக்கே நாறியிருக்கும்.”

“ஒரு தடவை சரியாச் சொன்னா? அதுக்காக இன்னைக்கு முன்வரிசையில கொண்டுவந்து உட்கார வைக்கணுமா? எந்தப் புண்ணியவான் கூப்பிட்டது?”

“நான்தான்.”

ரவ்ஷன் கையிலிருந்த பவுர்சாக் பணியாரம் தட்டில் விழுந்தது.

“கை தட்ட ஊர்ப்பட்ட ஆளு இருக்கு, ரவ்ஷன். கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சு ஓட்டை தேடறது அவர் ஒருத்தர்தான். அந்தக் கேள்வியைத் தாண்டினாத்தான் எனக்கே என் மேல நம்பிக்கை வரும். அவர் இல்லாத மேடையில நான் பேசினதே இல்லை.”

இவ்வளவு பெரிய மனசா என்று ரவ்ஷன் உல்ஜானையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனாலும் அவருக்காக அவளுக்கு மனசு ஆறவில்லை.

அப்போது தொக்தார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவர்களை நோக்கி வந்தார். ரவ்ஷன் சட்டென்று குறுக்கே போய் நின்றாள்.

“இன்னும் என்ன கேக்கணும் உங்களுக்கு? ஆபாயோட வாழ்க்கையில பாதியை நீங்களே தின்னுட்டீங்க. இனியாவது அவங்களை நிம்மதியா விடுங்க!”

சுற்றி நின்ற பழைய ஆட்கள் ஏனோ வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“விடலாம்னு நானும் பல தடவை யோசிச்சேன், தங்கச்சி” என்ற தொக்தார், கையில் இருந்த கம்பளிக் கோட்டைப் பிரித்து உல்ஜானின் தோளில் மெதுவாகப் போர்த்தினார்.

“வீட்டுக்குப் போலாமா, கிழவி? நீ ஜெயிச்சுட்டேன்னு பிள்ளைங்களுக்கும் சம்பந்திகளுக்கும் நேத்தே சொல்லி விருந்துக்குக் கூப்பிட்டாச்சு. காலையில நீ கிளம்பினதுமே குதிரைக்கறியை அடுப்புல ஏத்திட்டுத்தான் உன்னைத் திட்ட வந்தேன்.”