கடைசி யாரு?

தண்ணீர் லாரியை நம்பிப் பிழைக்கிற ஊரிலிருந்து, கல்யாணச் சீரோடு ஆற்றங்கரை ஊருக்கு வந்து சேர்ந்தது ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம். மறுநாள் காலையில் அதையும் வீட்டுப் பித்தளைச் செம்பையும் படித்துறையில் வைத்துவிட்டுப் புதுப்பெண் துணி துவைக்கப் போனாள்.

ஆறு கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது. குடம் செம்பின் பக்கம் திரும்பியது.

“அக்கா, கடைசி யாரு? நான் யாருக்குப் பின்னாடி நிக்கணும்?”

“ஆத்துக்கு ஏதுடி வரிசை!” என்று செம்பு சிரித்தது.

“அப்ப எத்தனை மணிக்கு நிறுத்துவாங்க?”

“யாரு நிறுத்துறது? நான் இந்த வீட்டுக்கு வந்த நாளா ஓடிக்கிட்டேதான் இருக்கு.”

குடம் ஆற்றை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தது. அதற்கு நம்பிக்கையே வரவில்லை.

புதுப்பெண் வந்து குடத்தை முக்கி எடுத்துப் படியில் வைத்தாள். வைத்ததுதான் தாமதம், குடம் ஒரு சொட்டும் தளும்பாமல் அவசரமாக ஓரத்துக்கு நகர்ந்தது.

“ஏன்டி ஒதுங்குறே?”

“பின்னால நிக்கிறவங்க பிடிக்கணும்லக்கா.”

செம்பு திரும்பிப் பார்த்தது. படித்துறையில் ஈ காக்கை இல்லை. ஆனால் இந்தத் தடவை அதற்குச் சிரிப்பு வரவில்லை. தானும் கொஞ்சம் ஒதுங்கி நின்றது.