கால்மாட்டில் ஒருத்தி

ஸ்கேன் மெஷினின் கூண்டை முகத்தின்மேல் கவிழ்க்கும் முன்பே அவளுக்கு மூச்சு முட்டியது.

கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார்கள். முடியவில்லை என்றால் அழுத்த வேண்டும். போன இரண்டு முறையும் அழுத்திவிட்டாள்.

காதுக்குப் பின்னால் வளர்வது என்னவென்று படம் வந்தால்தான் தெரியும். இன்றும் முடியாமல் போனால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள். அதற்குக் கட்டாயம் கூட ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு அவள் எங்கே போவாள்?

ஸ்கேன் எடுக்கும் ஜெபின், யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டான். கால்மாட்டில் நின்று ஒருவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டால் பயம் பாதி போய்விடுமாம்.

வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார் என்றாள்.

வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்னொரு வீட்டுக்கு.

காத்திருந்த நேரத்தில் ஜெபின் பேச்சுக் கொடுத்தான். இந்தக் காந்தத்துக்கு உறக்கமே கிடையாது, மெஷின் ஓடாதபோதும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். கொண்டை ஊசி இங்கே தோட்டாவாகிவிடும். சக்கர நாற்காலியே பறந்து போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் வருகிறவரும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும்.

படம் எப்படி வருகிறது என்றும் சொன்னான். உடம்பெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரின் கோடானுகோடி அணுக்களும் காந்தத்தின் பேச்சுக்குத் தலைசாய்க்கும். ரேடியோ அலை அவற்றைத் தட்டிவிடும். திரும்பி நிலைக்கு வரும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்னக் குரல் கொடுக்கும். மெஷின் கேட்பது அதைத்தான்.

தனக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள். வெளியே பெஞ்சில் ஒருவரும் இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது.

யாரும் வரவில்லை. ஜெபின் கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சுகந்தி கூட வந்தவங்க யாரு?"



மறுபடியும் கேட்டான். கேட்காமல் இருந்திருக்கலாம். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

"நான் வாரேன்."

அறியாத குரல். வயதான பெண்.

"நீங்க அடுத்த ஆளுல்லா?" என்றான் ஜெபின்.

"ஆமா. அதுக்குத்தான எல்லாத்தையும் கழத்தி வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

உள்ளே வந்தாள். ஆஸ்பத்திரி அங்கி. காதிலும் மூக்கிலும் வெறும் துளைகள். வளையல் இல்லாத கைகள். பெயர் ஆவுடையம்மாள் என்று ஜெபினிடம் சொன்னாள்.

அந்தக் கை பாதத்தைத் தொட்டதும் சுகந்தி காலை இழுத்துக்கொண்டாள். வயதில் பெரியவர் தன் காலைப் பிடிப்பதா?

"உள்ள போயிட்டா காலு மட்டுந்தான தாயி வெளிய இருக்கும்," என்றாள் ஆவுடையம்மாள். "நான் வேற எதைப் பிடிக்க?"

இருவர் காதிலும் பஞ்சு வைத்தார்கள். கூண்டு கவிழ்ந்தது. பலகை மெஷினின் குழாய்க்குள் நகர்ந்தது.

சத்தம்.

தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தம். பிறகு வேறொரு சத்தம். பிறகு இன்னும் மோசமாக ஒன்று.

மூக்குக்கு மேலே சுவர். விரல்கள் பந்தைச் சுற்றி இறுகின.

பாதத்தை யாரோ மெல்ல அழுத்தினார்கள்.

ஆறு வருஷத்தில் அவளை இப்படி ஒருவரும் தொட்டதில்லை. பேருந்து நெரிசலைத் தொடுதல் என்று சொல்ல முடியுமா?

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெப்பமான, ஆடாத கை. சத்தம் எத்தனை முறை மாறினாலும் அது விலகவில்லை.

பந்தை அழுத்தவில்லை.

பலகை வெளியே வந்தது. எல்லாப் படமும் நன்றாக வந்துவிட்டது, தோடெல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்றான் ஜெபின். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆவுடையம்மாள் பலகையில் ஏறிப் படுத்திருந்தாள். பழக்கப்பட்டவள்போல.

சுகந்தி கதவுவரை போனாள்.

திரும்பி வந்து கால்மாட்டில் நின்றாள்.

ஜெபின் பஞ்சை நீட்டினான்.

அவள் குனிந்து அந்தப் பாதத்தைப் பற்றினாள்.

ஐஸ்போல் சில்லிட்டிருந்தது. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.