நீல விளிம்புத் தட்டு

ஜன்னலோர மேசையில் புது மீன்தொட்டி சாய்வெயிலை வாங்கிக்கொண்டு நிற்கிறது. கழுவிய மணலில் செடிகளை ஊன்றிவிட்டு அவன் வாளியைச் சாய்க்கிறான். தண்ணீர் விழுந்த வேகத்தில் மணல் குழிந்து, இரண்டு செடிகள் வேரோடு மிதக்கின்றன. நாற்காலியில் மண்டியிட்டிருக்கும் மகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஐயோ அப்பா! தட்டு வச்சு, அது மேல ஊத்தணும். அம்மா சொல்லியிருக்காங்க." "ஆமா, உங்கப்பன் மண்டையிலயும் மணல்தான்," என்கிறான் அவன். தொட்டி வாங்கித் தருவதாகச் சொன்னவள் அம்மாதான், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே மகளுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். அவன் சமையலறைக்குப் போகிறான். தொட்டிக்குள் நுழையும் அளவில் ஒரே ஒரு தட்டுதான் இருக்கிறது. நீல விளிம்புள்ள அந்தத் தட்டு அவன் மனைவியுடையது; அவள் போனதிலிருந்து அதில் யாரும் சாப்பிட்டதில்லை. அவன் அதைத் துடைத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்துவருகிறான். இப்போது எடுத்துவந்து, செடிகளை மறுபடி ஊன்றி, மணல்மேல் வைக்கிறான். தட்டில் விழும் தண்ணீர் சத்தமில்லாமல் நாலாபக்கமும் வழிந்து ஏறுகிறது. துவண்டு கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன. மணல் துளியும் கலங்கவில்லை. தொட்டி நிறைந்ததும், தட்டை எடுக்க முழங்கைவரை கையை விடுகிறான். "எடுக்காதீங்கப்பா," என்கிறாள் மகள். "மீன் வந்தா எதுல சாப்பிடும்?" அவன் விரல்கள் நீருக்குள் அந்த நீல விளிம்பைப் பிடித்தபடியே இருக்கின்றன. பிறகு விட்டுவிடுகின்றன. ஈரக் கையாலேயே அவன் கண்களைத் துடைத்துக்கொள்கிறான். "மூஞ்சியெல்லாம் தண்ணி!" என்று மகள் கைகொட்டிச் சிரிக்கிறாள்.